முகாமில் விறகு பிளக்க எது நல்லது? கேள்வி பதில்

முகாமுக்கு எந்தக் கோடாலியை எடுத்துப்போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: முதல் தடவையாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். நாலு பேர், இரண்டு இரவு. கைக்கோடாலி போதுமா, பெரியது வேண்டுமா?

முதலில் ஒரு மடக்கு ரம்பம் வாங்குங்கள். கோடாலியைக் கேட்டால் ரம்பத்தைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். முகாம் நெருப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த கிளைகள்தான். அவற்றைப் பிளக்கவே வேண்டாம், நீளத்தைக் குறைத்தால் போதும். குறுக்கே துண்டாக்கும்போது ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். அந்த வேலையைக் கோடாலியிடம் கொடுத்தால் கை ஓய்ந்துவிடும், சில்லும் தெறிக்கும். 20 செ.மீ. அலகுள்ள ரம்பம் 10 செ.மீ. பருமனுள்ள கிளையை அலட்டாமல் அறுத்துவிடும்.

அதற்கு மேல் பருமனான கட்டைகள் கிடைக்கும் இடம் என்றால், காம்பு 45 முதல் 60 செ.மீ., தலை 700 கிராம் முதல் 1 கிலோ வரை உள்ள நடுத்தரக் கோடாலி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடிக்கலாம், முதுகுப்பையிலும் கட்டிக்கொள்ளலாம். ரம்பமும் இதுவும் இருந்தால் நாலு பேருக்குத் தாராளம்.

கேள்வி: என் கோடாலி நல்ல கூர். ஆனால் ஓங்கிப் போட்டால் கட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது, பிளக்க மாட்டேன் என்கிறது. என்ன தப்பு?

உங்களிடம் இருப்பது மரம் வெட்டும் கோடாலியாக இருக்கும். அதன் கன்னங்கள், அதாவது தலையின் இரண்டு பக்கங்கள், மெலிந்திருக்கும். உள்ளே ஆழமாக இறங்கும், ஆனால் இரண்டு பக்கமும் மரத்தைத் தள்ளாது. பிளக்கும் கோடாலி ஓர் ஆப்பு மாதிரி. வாயிலிருந்து, அதாவது கூர் முனையிலிருந்து, பின்பக்கம் போகப் போக நன்றாகப் பருத்துக்கொண்டே போகும். வாய் ஒரு கீறலைத் தொடங்கி வைத்தால் போதும், மீதியைப் பருத்த கன்னம் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போது கூரைத் தடவிப் பார்ப்பதைவிட, தலையை மேலிருந்து பார்த்து எவ்வளவு சீக்கிரம் பருக்கிறது என்று கவனியுங்கள்.

இருக்கிற கோடாலியை வைத்தே சமாளிக்கவும் வழி உண்டு. பெரிய கட்டையின் நடுவில் அடிக்காதீர்கள். காய்ந்த கட்டையின் முகத்தில் ஏற்கெனவே வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வெடிப்பின் மேல், ஓரத்தை ஒட்டி அடியுங்கள். கணு இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். கணுவில் நார்கள் பின்னிக் கிடக்கும், அதோடு மல்லுக்கட்டுவது வீண். அந்தத் துண்டை அப்படியே நெருப்பில் வைத்தால் நெடுநேரம் நின்று எரியும்.

கேள்வி: அண்ணா, சின்னக் கோடாலிதானே பாதுகாப்பு? பெரியதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

இல்லையம்மா, நிலைமை நேர்மாறு. இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நீளக் காம்புள்ள கோடாலி குறி தவறினால், அது வரும் வளைவு பெரும்பாலும் உங்கள் காலுக்கு முன்னால் தரையில் போய் முடியும். காம்பு குட்டையானால் அதே வளைவு தரையைத் தொடாமல் உள்பக்கம் திரும்பி, முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வந்து சேரும். எனக்கே நடந்திருக்கிறது. இருட்டப் போகிற நேரம், அவசரத்தில் நின்றபடியே கைக்கோடாலியை ஓங்கினேன். கணுவில் பட்டு வழுக்கிய வாய், பூட்ஸின் தோலைக் கிழித்து நின்றது. செருப்பு போட்டிருந்தால் விரல் போயிருக்கும். அன்றிலிருந்து கைக்கோடாலியை நான் நின்றுகொண்டு தொடுவதில்லை.

கைக்கோடாலி என்றால் முழங்கால் போட்டு உட்காருங்கள். முன்னால் ஓர் அடிக்கட்டை இருக்கட்டும். பிளக்க வேண்டிய துண்டை அந்த அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் வையுங்கள். அடி தவறினாலும் வாய் அடிக்கட்டையில்தான் இறங்கும். ஓங்குவதற்கு முன் கோடாலியை நீட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அது எட்டும் தூரத்துக்குள் ஆளும் இருக்கக்கூடாது, கூடாரக் கயிறும் இருக்கக்கூடாது. தலைக்கு மேல் கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டிய பிறகு பிளக்கவே வேண்டாம், விறகை வெளிச்சத்திலேயே தயார் செய்துவிடுங்கள்.

கேள்வி: கார் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். எடை பிரச்சினை இல்லை. 3 கிலோ தலையுள்ள சம்மட்டிக் கோடாலி வாங்கலாமா?

பருமனான உருளைக் கட்டைகளைப் பிளக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். அடியின் ஆற்றல், எடை இரு மடங்கானால் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். உங்களால் வேகமாகவும் குறி தவறாமலும் இருபது முறை ஓங்க முடிகிற எடைதான் உங்களுக்குச் சரியான எடை. பலருக்கு அது 3 கிலோ இல்லை, 1.5 கிலோ தலை, 75 செ.மீ. காம்பு.

கேள்வி: வீட்டில் நல்ல அரிவாள் இருக்கிறது. அது போதாதா?

சுள்ளி ஒடிக்க, கிளை கழிக்க, சிறு துண்டுகளைச் சிராய் சிராயாகக் கீற அரிவாளுக்கு ஈடு கிடையாது. கைப்பருமனுக்கு மேல் போனால் மாட்டிக்கொள்ளும். முன்பு சொன்ன அதே காரணம்தான், அலகு மெலிசு.

கேள்வி: கத்தியை விறகின் மேல் வைத்துத் தடியால் தட்டிப் பிளக்கிறார்களே, கத்தி கெடாதா?

மடக்குக் கத்தியில் செய்தால் கீல் உடைந்துபோகும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடுகிற கத்தி என்றால் செய்யலாம். முதுகு 4 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். விறகின் விட்டத்தைவிட அலகு சில சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தானே தட்ட முடியும்! தட்டுவதற்கு மரத்தடி மட்டும்தான். கல்லாலோ சுத்தியாலோ தட்டாதீர்கள்.

கேள்வி: மழையில் எல்லாம் நனைந்துவிட்டால் கோடாலி இருந்து என்ன பயன்?

அப்போதுதான் அதற்கு உண்மையான பயன். மழை மேல்தோலைத்தான் நனைக்கும். நின்றபடியே காய்ந்த மரத்துக் கட்டையைப் பிளந்து பாருங்கள், நடுப்பகுதி பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அந்த நடுப்பகுதியை விரல் பருமனுக்கும், அதில் சிலவற்றை ஈர்க்குப் பருமனுக்கும் கீறி வைத்தால் நெருப்பு பிடித்துவிடும். தரையில் நாள்கணக்கில் கிடந்த கட்டை வேண்டாம், அது மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சியிருக்கும்.

பச்சை மரத்தை வெட்டலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். பல மரங்கள் பச்சையாக இருக்கும்போது சுலபமாகப் பிளக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். நெருப்பு முதலில் அதைக் கொதிக்க வைத்து விரட்ட வேண்டும், அதுவரை உங்களுக்குக் கிடைப்பது புகைதான். உயிருள்ள மரத்தில் கைவைப்பது பல இடங்களில் குற்றமும்கூட. விழுந்த விறகை எடுக்கக்கூட அனுமதி இல்லாத காடுகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: மரக்காம்பா, ஃபைபர் காம்பா? என் கோடாலித் தலை லேசாக ஆடுகிறது, தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

எனக்கு மரக்காம்புதான் பிடிக்கும். அதிர்வு கைக்கு அதிகம் வராது, உடைந்தால் மாற்றலாம். ஃபைபர் சுலபத்தில் உடையாது, மழைக்கும் அஞ்சாது. கவனிக்க நேரமில்லாதவருக்கு அது நல்லது. மரக்காம்பு வாங்கும்போது அடிப்பக்க முனையைப் பாருங்கள். அதில் தெரியும் ரேகைகள் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஊறவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். நனைந்த மரம் உப்பி, இரும்புக் கண்ணுக்குள் (தலையில் காம்பு நுழையும் துளை) தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். காம்பின் மேல்முனையில் புது ஆப்பு அடித்து இறுக்குங்கள். ஆடுகிற தலையோடு ஒரு அடிகூட அடிக்காதீர்கள், அது கழன்று பறந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: மாட்டிக்கொண்ட கோடாலியின் பின்பக்கத்தை இன்னொரு கோடாலியால் அடிக்கலாமா?

கூடாது. இரும்புச் சில்லு தெறித்தால் கண் போகும். கட்டையோடு சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் மோதுங்கள், அல்லது மரத்தடியால் தட்டுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் தானும் பிளப்பேன் என்கிறான். விடலாமா?

பக்கத்தில் நீங்கள் இருந்தால் விடலாம், ஆனால் ஓங்க விடாதீர்கள். மெல்லிய விறகு ஒன்றைக் கொடுங்கள். கோடாலி வாயை விறகின் முனையில் ஒட்ட வைத்து, விறகையும் கோடாலியையும் சேர்த்தே தூக்கி, இரண்டையும் ஒன்றாக அடிக்கட்டையில் இறக்கச் சொல்லுங்கள். வாய் முதலிலேயே விறகைத் தொட்டிருப்பதால் குறி தவறும் பேச்சு இல்லை. விறகைப் பிடிக்கும் கை அடிமுனைப் பக்கம், வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வாய் கொஞ்சம் இறங்கியதும் காம்பை லேசாகத் திருகினால் விறகு இரண்டாகப் பிரியும். முதல் நாள் பத்து விறகு போதும், கை சோர்ந்ததும் கோடாலியை உறையில் போட்டு வைக்கும் பழக்கத்தையும் அன்றே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.