ரத்த அணு எண்ணிக்கை சரியானால் மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். சென்ற ஆண்டு அவருக்கு ‘சி.எம்.எல்.’ என்னும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது வெள்ளை அணுக்கள் சரியான அளவில் உள்ளன. ‘இது டைரோசின் கைனேஸைத் தடுக்கும் மருந்து, நிறுத்தக் கூடாது’ என்கிறார் மருத்துவர். கைனேஸ் என்பது கிருமியா? எண்ணிக்கை சரியான பிறகும் மாத்திரை எதற்கு?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கைனேஸ் கிருமி அன்று; நம் செல்கள் தாமே உண்டாக்கிக்கொள்ளும் நொதி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தில் உள்ள செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின் மேல் ஒட்டுவதே புரதக் கைனேஸின் வேலை. ஒட்டிய பாஸ்பேட்டின் மின்னூட்டத்தால் அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது. சும்மா இருந்த புரதம் வேலையைத் தொடங்கலாம், வேலை செய்துகொண்டிருந்த புரதம் ஓய்ந்தும் போகலாம். பாஸ்பேட்டைக் கழற்றுவதற்குப் பாஸ்படேஸ் என்னும் நொதிகள் தனியே உள்ளன. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன.

விடியற்காலையில் ஏலக்கூடத்துக்கு விரையும் உங்கள் தம்பியின் உடலில் அட்ரினலின் சுரக்கும்போது, கல்லீரல் செல்லுக்குள் ஒரு கைனேஸ் இன்னொரு கைனேஸைத் தூண்ட, அது கிளைக்கோஜனை உடைக்கும் நொதியைத் தூண்ட, சேமிப்பில் இருந்த சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுவதால், மிகச் சிறிதளவு அட்ரினலினே போதுமானதாகிறது. இந்தத் தொடரில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி தூண்டப்படும் கண்ணியை 1950-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கண்டறிந்த எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் இருவரும் 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சி.எம்.எல். நோயில் நடப்பது வேறு. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு தாய்ச் செல்லில் 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் சுருங்கிப்போன 22-ஆம் குரோமோசோமை 1960-இல் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அது இடமாற்றத்தின் விளைவு என்பதை 1973-இல் ஜேனட் ரௌலி விளக்கினார். இந்த ஒட்டில் ‘ஏபிஎல்’ என்னும் டைரோசின் கைனேஸின் மரபணு ‘பிசிஆர்’ (BCR) என்னும் மரபணுவோடு இணைந்துவிடுகிறது. உத்தரவு வந்தால் மட்டும் திறந்து மற்ற நேரமெல்லாம் மூடியிருக்க வேண்டிய ஏரி மதகு, பழுதாகித் திறந்தபடியே நின்றுவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்த இணைப்புக் கைனேஸும் ஓயாமல் ‘பெருகு, பெருகு’ என்ற செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஏ.டி.பி. வந்து அமரும் குழியில் இமாட்டினிப் அமர்ந்துகொள்வதால் அந்தக் கைனேஸ் செயலிழக்கிறது. ஆனால், பழுதான மரபணுவை மாத்திரை தொடுவதில்லை. மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் தாய்ச் செல்கள் பலவும் அதற்குச் சாவதில்லை. மாத்திரை நின்றால் குழி காலியாகிறது, கைனேஸ் மீண்டும் தொடங்குகிறது. ஆகவே, வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்தானது; நோய் எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது என்பதைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்யப்படும், பழுதான மரபணுவின் தடயத்தை ரத்தத்தில் அளக்கும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனைதான் காட்டும். அந்தப் பரிசோதனையில் பல ஆண்டுகள் தொடர்ந்து நோயின் தடயம் ஏறத்தாழ இல்லாமலே இருப்பவர்கள் சிலருக்கு மருத்துவர்களே கண்காணிப்புடன் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள், நோய் தலைகாட்டுகிறது. உடனே மருந்தைத் தொடங்கினால் பொதுவாக மீண்டும் அடங்கிவிடுகிறது. உங்கள் தம்பிக்கு ஓராண்டுதான் ஆகிறது என்பதால் அந்தப் பேச்சுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மாத்திரையை உணவோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். கண்ணிமை வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை வந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நாட்டு மருந்து எதையாவது சேர்த்துச் சாப்பிடுகிறார் என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

கேள்வி: எல்லாக் கைனேஸ்களையும் முடக்கும் ஒரே மருந்தைச் செய்தால் எல்லாப் புற்றுநோயும் தீராதா?
– ஒரு மாணவர், வியாசர்பாடி

பதில்: நோயாளி பிழைக்க மாட்டார். இன்சுலின் ஏற்பியே ஒரு டைரோசின் கைனேஸ்தான். செல் பிரிவதற்கான ஒவ்வொரு கட்டத்தையும் நடத்துபவையும் கைனேஸ்களே. 1977-இல் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டாரோஸ்போரின், கைனேஸ்களை வேறுபாடின்றி முடக்கியதாலேயே நேரடி மருந்தாகவில்லை. ஏ.டி.பி. அமரும் குழி எல்லாக் கைனேஸ்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கலின் வேர். ஏபிஎல் செயலற்றிருக்கும்போது எடுக்கும் தனி வடிவத்தைப் பற்றிக்கொள்வதால் இமாட்டினிப் சில கைனேஸ்களோடு நின்றுவிடுகிறது. இரைப்பை, குடலில் வரும் ஒருவகைக் கட்டிக்குக் காரணமான ‘கிட்’ கைனேஸும் அவற்றுள் ஒன்று என்பதால், அந்நோய்க்கும் இதே மாத்திரை பயன்படுகிறது. குழியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் மருந்து ஒட்டாமற்போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: இந்த மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைப்பதில் சென்னைக்கும் பங்குண்டு என்கிறார்களே?
– ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: உண்மை. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் மருத்துவப் பயனைத் தந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைச் சுட்டி, 2006-இல் அந்த அலுவலகம் அதை நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அதனால் இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைப் பல மடங்கு குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது.