கடன் கொப்பியும் கட்டுப்பணமும்

கேள்வி: அக்கா, திருகோணமலை நகருக்குள் பதினெட்டு வருடமாகப் பலசரக்குக்கடை நடத்துகிறேன். வயது 44. எங்கள் வட்டாரத்தில் என்னைத் தெரியாத வீடு கிடையாது. "அடுத்த மாநகரசபைத் தேர்தலில் கட்சி கிட்சி வேண்டாம், தனியாக நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். மாரி மழை வந்தால் ஒழுங்கையின் வடிகான் தண்ணீர் என் கடைக்குள் ஏறுகிறது. அதற்காகவாவது நிற்க வேண்டும் போல் இருக்கிறது. நிற்கலாமா?
– கடைக்காரர், மனையாவெளி

பதில்: தம்பி, அந்தத் "தனியாக" என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். நம் நாட்டு உள்ளூராட்சித் தேர்தலில் தனியாள் நிற்க முடியாது. சுயேச்சை என்றாலும் குழுவாகத்தான் நிற்க வேண்டும். சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் போட்டு, வட்டாரத்தில் நிற்காமல் குழுவின் மொத்த வாக்குக்கேற்ப ஆசனம் பெறுவோரின் மேலதிகப் பட்டியலையும் நிரப்பி, பெண்களுக்கும் இளைஞருக்கும் உரிய பங்கைச் சரிபார்த்து, ஒரே வேட்புமனுவாகக் கொடுக்க வேண்டும். மனையாவெளியில் உங்களைத் தெரியும், சரி. உவர்மலையில் உங்கள் குழுவுக்காக யார் நிற்பார்? திருக்கடலூரில் யார்? ஜமாலியாவில் யார்? கட்டுப்பணம் கட்சிக்காரருக்குத் தலைக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000 ரூபாய். பட்டியலில் இருக்கும் அத்தனை தலைக்கும் அந்தக் காசை யார் கட்டப்போகிறார்? காசு லாச்சி வைத்திருப்பவர்தான்.

பட்டியலைச் சேர்த்துவிட்டாலும் தாள் வேலை இருக்கிறது. 2025 இல் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒழுங்காக இல்லை என்று எத்தனையோ வேட்புமனுக்கள் தள்ளுபடியாகி, நீதிமன்றம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கடைக் கணக்கை சிகரெட் மட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், தாள் வேலைக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

எனக்குத் தெரிந்த வன்பொருள் கடைக்காரர் ஒருவர் 2023 இல் நின்றார். மார்ச் 9 ஆம் திகதி தேர்தல் என்றார்கள். படம் பிடித்தார், துண்டுப்பிரசுரம் அடித்தார், கட்டுக் கட்டாகக் கடைக்குள் இறக்கினார். அரசிடம் பணமில்லை என்று தேர்தல் நின்றது. பிறகு அந்த வேட்புமனுக்களே இரத்தாகி, வாக்களிப்பு 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. அதற்குள் அவர் அலுத்துவிட்டார். என் வீட்டுக் கதவுக்கு இரண்டங்குல ஆணி வாங்கியபோது, ஆணி அவருடைய சிரித்த முகத்தில் சுற்றப்பட்டு வந்தது. நெற்றியில் ஓர் ஓட்டை.

இனி வடிகான். நான் உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றின் வருமானப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். சோலைவரிப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் "வடிகான் அடைத்துவிட்டது" என்று முறைப்பாடுகள் வந்து குவியும். ஒருமுறை வேலையாட்களோடு நானும் போனேன். முறைப்பாடு எழுதியவரின் கடை வாசலில், வடிகான் மூடிக்கு மேலேயே ஐந்து உப்பு மூட்டை, ஒரு தேங்காய்க் குவியல், எரிவாயு சிலிண்டர்கள் வைக்கும் இரும்புக் கூடு. கூட்டைச் சீமெந்து போட்டு இறுக்கியிருந்தார். மூடியைத் தூக்க வழியே இல்லை. "அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துப்புரவு செய்யுங்கள்" என்றார். சுத்தம் செய்ய வந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

உங்கள் கடை வாசலில் அந்த மூடியின் மேல் என்ன இருக்கிறது தம்பி? கடிதத்தில் எழுதவில்லை. இருப்பதை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். வட்டாரம் அதைக் கவனிக்கும். கடை சபைக் கட்டடத்தில் குத்தகைக்கு இருந்தால், அது நீங்கள் நிற்பதற்குத் தடையாகுமா என்று தேர்தல் அலுவலகத்தில் இப்போதே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வென்றாலும் உங்களுக்குச் சபையில் இருப்பது ஒரு வாக்கு. வடிகானுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்க மற்றவர்களும் கை உயர்த்த வேண்டும். அந்த மற்றவர்களோடு பேசத் தெரியுமா என்பதைத்தான் நான் உங்களிடம் கேட்பேன். தராசு பிடிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவர் தேர்தலில் நிற்கப்போகிறார். கடையை நான் பார்க்கிறேன். கடன் கொப்பியில் நிறையப் பேர் பாக்கி. "வாக்குப் போடும் வரைக்கும் ஒருவரிடமும் காசு கேட்காதே" என்கிறார். மொத்த வியாபாரி எங்களுக்கு அப்படித் தவணை தருவாரா?
– பெயர் வேண்டாம், பெருந்தெரு

பதில்: தரமாட்டார். சீனி மூட்டைக்காரருக்கு உங்கள் வட்டாரத்தில் வாக்கே இருக்காது. பாக்கியை வழக்கம்போலக் கேளுங்கள் பிள்ளை. கேட்பதை நிறுத்தினால் அதுவே ஊரில் கதையாகும், "வாக்குக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்" என்பார்கள். எங்கள் அப்பாவும் கடை வைத்திருந்தவர். மாதக் கடைசியில் கொப்பியை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் பக்க எண்ணை மட்டும் சொல்லிக் கேட்பார். பக்கத்தில் நிற்பவருக்கு யாருடைய பாக்கி என்று விளங்காது. மரியாதை போகாமல் காசு வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பட்டியலுக்குப் பெண்கள் போதவில்லை என்று ஒரு மாலை நேரம் உங்கள் கணவர் உங்கள் முன்னாலும் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார். பல பட்டியல்களில் மனைவி, மச்சாள், அக்கா என்று பெயர்கள் நிற்பது இப்படித்தான். கையெழுத்து வைத்தால் நீங்களும் வேட்பாளர். 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், ஒரு கூட்டத்துக்கும் போகாதவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு உங்கள் பெயரில் வரும், அவருடைய பெயரில் வராது. நிற்க உங்களுக்கு விருப்பம் இருந்தால் நன்றாக நில்லுங்கள், கடையை நடத்துகிறவரே நீங்கள்தானே. வட்டாரத்துக்கு உங்கள் பெயரைப் போட்டுவிட்டு அவரை மேலதிகப் பட்டியலில் போடச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்குப் பால்மா, பருப்பு என்று 6,400 ரூபாய் கடன் இருக்கிறது. கடை முதலாளி வேட்பாளர். "எங்களுக்குப் போட்டால் கொப்பியில் வெட்டிவிடுகிறேன்" என்றார். வேறு ஆளுக்குப் போட்டால் கண்டுபிடித்துவிடுவாரா?
– கூலித் தொழிலாளி, திருக்கடலூர்

பதில்: கண்டுபிடிக்க முடியாது. வாக்குச்சீட்டில் நீங்கள் போடுவது ஒரேயொரு புள்ளடி, அதில் உங்கள் பெயர் இருக்காது. அவர் சொன்னது தேர்தல் இலஞ்சம், சட்டப்படி குற்றம். நிரூபணமானால் வென்ற ஆசனமும் போகும். ஆனால் கடன் கடன்தான் ஐயா. வாரம் 200 ரூபாயாவது கட்டி, கட்டியதற்கு அவர் கையாலேயே கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக்கடை முதலாளி ஒருவர் "நகரத்து மான்களைக் காப்போம்" என்று துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். நம்பலாமா?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: நம் ஊர்ப் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கம் புல் மேய்வதைவிட, தெருவோரத்தில் சோறு ஒட்டிய லஞ்ச் ஷீட்டை மெல்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குழம்பு வாசத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. ஆகவே அவர் கடை பூட்டும் நேரத்தில் பின்வாசல் பக்கம் போய், மிச்சச் சோறு எதில் கட்டப்பட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். எந்தக் கடை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் எனக்கு ஓர் ஊகம் இருந்தது. போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குப் போனேன். மூன்று மான்கள் எனக்கு முன்னரே வந்து நின்றன.