நாட்டுப்புறத்தில் எளிமையாக, சிக்கனமாக வாழ்வதில் உண்மையிலேயே என்ன லாபம்?

நகரத்தை விட்டு நாட்டுப்புறத்தில் குறைந்த செலவில் வாழ்ந்தால் பணம் மிச்சமாகுமா, இல்லை அதே செலவு வேறு பெயரில் வந்து நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நடக்கிறது. போய் இறங்கியதும் முதலில் பொருள் வாங்குகிறவர்களுக்குச் செலவு கூடுகிறது. முதலில் தன் தேவையை அளந்து பார்க்கிறவர்களுக்குக் குறைகிறது.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஆண்டுக்கு 4 சதவீதம் தரும் சேமிப்பிலிருந்து மாதம் 100 எடுக்க வேண்டுமானால் 30,000 முதலீடு வேண்டும். எந்த நாட்டுப் பணமானாலும் இதே விகிதம்தான்: மாதச் செலவைப் போல் 300 மடங்கு. ஆக, மாதாமாதம் வரும் ஒரு செலவை நிரந்தரமாக நிறுத்திவிட்டால், அதைப் போல் 300 மடங்கு பணத்தைச் சம்பாதித்துச் சேர்க்க வேண்டிய பாடு இல்லாமல் போகிறது. எளிய வாழ்வின் பண லாபம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கடையில் மலிவாக வாங்குவதில் மிஞ்சுவது இதன் பக்கத்தில்கூட வராது.

நகரத்தில் தேவை ரசீதாக வருகிறது. நாட்டுப்புறத்தில் அது லிட்டராகவும் கிலோவாகவும் ஒரு கட்டு விறகாகவும் கண்முன்னே நிற்கிறது. கண்ணில் படுவதால் குறைக்கவும் முடிகிறது. தண்ணீரை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்றால் 80,000 லிட்டர். சிதறலும் ஆவியாவதும் போக 64,000 லிட்டர் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணைப் பார்த்ததும் பெரிய தொட்டி கட்டத்தான் மனம் ஓடும். தொட்டியின் அளவை முடிவுசெய்ய வேண்டியது மழையில்லாத நீண்ட காலமும் உங்கள் அன்றாடச் செலவும்தான். 4 பேர், 120 நாள் வறட்சி, தலைக்கு நாளுக்கு 50 லிட்டர் என்றால் 24,000 லிட்டர் தொட்டி வேண்டும். துவைக்கவும் குளிக்கவும் கிணறோ வேறு நீரோ இருந்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தலைக்கு 8 லிட்டர் போதுமென்றால் 3,840 லிட்டர். எச்சரிக்கையாகக் கால் பங்கு கூட்டினாலும் 5,000க்குள் முடிந்துவிடும். தலைக்கு நாளுக்கு 10 லிட்டர் குறைத்தால் தொட்டியில் 4,800 லிட்டர் குறைகிறது. சிமெண்டும் கம்பியும் குழியும் எல்லாமே அந்த அளவுக்குக் குறையும். அதனால்தான் வாளியில் குளிப்பது போன்ற பழக்கத்தை முதலில் கொண்டுவந்துவிட்டு, தொட்டியைப் பிறகு கட்டச் சொல்கிறேன்.

மழைநீர் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கூரையில் சேர்ந்திருக்கும் தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு இறங்கும். சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது அந்த முதல் நீரை ஒதுக்க வேண்டும்; 100 சதுர மீட்டருக்கு 50 லிட்டர். தொட்டிக்குப் போகும் வழியில், அதற்கு முன்னால், அடி மூடிய செங்குத்துக் குழாய் ஒன்றை இணைத்துவிட்டால் போதும்: முதல் நீர் அதில் நிரம்பும், நிரம்பியபின் வரும் நீர் தொட்டிக்குத் திரும்பும். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 லிட்டர்தான் பிடிக்கும். ஆகவே 6 மீட்டர் குழாய், அல்லது அதற்குப் பதில் 50 லிட்டர் டிரம். அடியில் 2, 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் மழை விட்டபின் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். இந்த ஓட்டைதான் முதலில் அடைபடும். அடைபட்டால் குழாய் எப்போதும் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போகும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எனவே அடிமூடி திருகிக் கழற்றும் வகையாக இருக்கட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி மண்ணைக் கொட்டுங்கள்.

தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வழிந்தோடும் குழாயில் வலை கட்டாவிட்டால் கொசு முட்டையிடும். நீர் எடுக்கும் குழாய் தொட்டியின் அடித்தளத்திலிருந்து 10 சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும், அடியில் வண்டல் இருக்கும். ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சோ ஈயத் தகடோ உள்ள கூரை என்றால் அந்த நீரைக் குடிக்கவே கூடாது, காய்ச்சினாலும் ஈயம் போகாது. மற்றக் கூரை நீரைக் குமிழியிட்டுக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் 3 நிமிடம். விறகை மிச்சப்படுத்த நினைத்தால், 2 லிட்டருக்கு மிகாத நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி முழு வெயிலில் 6 மணி நேரம் கிடத்துங்கள். மேகமூட்டமாக இருந்தால் அடுத்தடுத்து 2 நாள். நீர் கலங்கலாக இருந்தால் இது பலிக்காது. பாட்டிலை ஒரு செய்தித்தாள் தலைப்பின்மேல் நிறுத்தி வாய்வழியாகக் குனிந்து பாருங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் முதலில் வடிகட்ட வேண்டும்.

அடுத்தது அடுப்பு. புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். அதைக் கொளுத்தினால் வெப்பத்தின் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த ஒரு கிலோ விறகு 14, 15 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும். பாதிக்குப் பாதி ஈரமுள்ளது 8 மெகாஜூல் தருவதே அரிது. புகைபோக்கியில் பிசுக்குப் படிந்து தீப்பிடிப்பதும் ஈர விறகால்தான். காய வைக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, முழு உருளையாக அடுக்குவது. பட்டை ஈரத்தைப் பூட்டி வைக்கும். பிளந்துதான் அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். மரத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து 6 மாதத்திலிருந்து 2 ஆண்டு ஆகும். ஒரு துண்டில் குறியிட்டு மாதம் ஒருமுறை எடைபோட்டு வந்தால், எடை குறைவது நின்ற மாதத்தில் எரிக்கத் தொடங்கலாம். இரண்டு துண்டுகளை மோதினால் கணீரென்று கேட்பதும் நல்ல அடையாளம். ஈர விறகு மொத்தென்று ஒலிக்கும்.

நல்ல விறகு இருந்தாலும் குறைவாக எரிப்பதே மேல். அதற்கு வைக்கோல் பெட்டியைவிட மலிவான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு வைக்கோலோ பழைய கம்பளியோ இறுக்கமாகத் திணித்து, நடுவே பாத்திரம் சரியாக உட்காரும் குழி விடுங்கள். தானியத்தையோ பயறையோ அடுப்பில் 10, 15 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு உள்ளே இறக்கி, மேலேயும் அதே தடிமனுக்கு மூடினால் சில மணி நேரத்தில் மீதி வேக்காடு தானாக நடக்கும். நடுவில் திறந்து பார்த்தால் வெப்பம் போய்விடும். பாத்திரம் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருக்க வேண்டும். கொஞ்சமாகச் சமைத்தால் வேகும் முன்பே ஆறிவிடும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, கவனமாகப் படியுங்கள். சிவப்புக் கிட்னி பீன்ஸில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. இளஞ்சூட்டில் அது அழியாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதித்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். எந்த உணவானாலும், வெளியே எடுக்கும்போது 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள், அப்படியே விட்டு வைக்காதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும். 20 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கெட்டிலில் கொதிக்கவைக்க ஏறத்தாழ 100 வாட்-மணி ஆகும். 8 வாட் விளக்கு அதே மின்சாரத்தில் 12 மணி நேரம் எரியும். சூடாக்கும் வேலைகளை விறகுக்கும் வெயிலுக்கும் மாற்றிவிட்டால் சூரியத் தகடும் பேட்டரியும் மிகச் சிறியதாகப் போதும். மாற்றாமல் பெரிதாக வாங்குகிறவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரிக்கே உழைக்க வேண்டிவரும்.

மொத்தமாக வாங்கிச் சேமிப்பது இன்னொரு லாபம் என்பார்கள். சேமிக்கத் தெரிந்தால்தான் லாபம். தானியத்தின் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கூடினால் பூஞ்சை. கருவி இல்லாமல் சோதிக்க உப்பு போதும். நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி தானியமும் கொஞ்சம் உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மீண்டும் வெயிலில் பரப்புங்கள். உப்பு ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் ஈரம் 15க்குக் கீழே வந்துவிட்டது. நீண்டநாள் வைப்பதென்றால் அதற்குமேலும் ஒன்றிரண்டு வெயில் காட்டுவது நல்லது. காய்ந்ததும் சூடு ஆறவிட்டு, காற்றுப் புகாத பாத்திரத்தில் வாய்வரை நிரப்புங்கள். பாதி காலியான டிரம்மில் வண்டுக்கு மூச்சுவிட நிறையக் காற்று இருக்கும். அதனால் ஒரு பெரிய டிரம்மைவிட நான்கு சிறியவை நல்லது.

தோட்டம் முதல் ஆண்டு 20 சதுர மீட்டருக்கு மேல் வேண்டாம். களை எடுக்க முடியாத நிலம் உழைப்பைத் தின்னும். மக்கு உரக்குவியல் ஒரு கன மீட்டராவது இருந்தால்தான் உள்ளே 55 டிகிரிக்குமேல் சூடேறும், களைவிதை சாகும். பசுங்கழிவு ஒரு பங்கு, சருகு 2, 3 பங்கு, ஈரம் பிழிந்த பஞ்சு அளவு. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை, கிளறிவிடுங்கள். விதை எடுத்து வைக்க பீன்ஸ், தக்காளியில் தொடங்கலாம், இவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை, அதாவது தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. எஃப்1 என்ற, இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ரகத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை அதே குணத்தோடு வராது. பூசணி, சுரை வகை பக்கத்துத் தோட்டத்தோடு கலந்துவிடும். அப்படிக் கலந்த விதையில் காய்த்தது கசந்தால் துப்பிவிட்டுக் கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு.

இத்தனை மிச்சத்தையும் ஒரே செலவு விழுங்கிவிடும்: பயணம். பள்ளி, மருத்துவமனை, கடை ஒவ்வொன்றும் 15 கிலோமீட்டர் தள்ளியிருந்து, வாரம் 6 முறை போய் வந்தால் ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல். வாரம் ஒரே நாள், எல்லா வேலைக்கும் ஒரே பட்டியல் என்று வைத்துக்கொண்டால் 1,560. நீண்டகால நோயோ முதியவர்களோ உள்ள குடும்பம் இந்தத் தூரத்தைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது. அவசரத்துக்கு எத்தனை நிமிடத்தில் மருத்துவரிடம் சேரலாம் என்பதைப் பார்த்தே இடத்தை முடிவுசெய்ய வேண்டும். கால்நடையையும் தள்ளிப்போடுங்கள், அதற்கு ஒருநாள்கூட விடுமுறை கிடையாது.

பணத்தில் எழுத முடியாத லாபம் ஒன்றும் இருக்கிறது. தொட்டியில் 40 நாள் நீர், டிரம்மில் 3 மாதத் தானியம், கொட்டகையில் காய்ந்த விறகு இருக்கிற வீட்டில், சாலை துண்டிக்கப்பட்டாலும் சம்பளம் ஒரு மாதம் தவறினாலும் யாரும் அவசரப்பட்டு மோசமான முடிவெடுக்க வேண்டியதில்லை. மனிதரை அலைக்கழிப்பது பல நேரம் அந்த அவசரம்தான்.

நிலம் தேடும் முன் இப்போதிருக்கும் வீட்டிலேயே 30 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை லிட்டர் நீர், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை முறை வண்டி எடுத்தீர்கள், எத்தனை கிலோ குப்பை. பிறகு இடத்தை இரண்டு முறை பாருங்கள். கோடையின் கடைசி வாரத்தில் ஒருமுறை, கிணற்றில் எவ்வளவு நிற்கிறது என்று கயிற்றில் கல் கட்டி அளக்க. பெருமழை பெய்த மறுநாள் ஒருமுறை, தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதையில் வண்டி ஏறுகிறதா என்று பார்க்க.