பார்ஜில் ஏறலாமா, ஃபைபரிலேயே இருக்கலாமா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27, மெக்கானிக்கல் டிப்ளமோ, ஐந்து வருடமாக ஃபைபர் படகு கட்டும் யார்டில் வேலை. கொல்கத்தாவில் இருக்கும் சொந்தக்காரர் "கங்கையில் பார்ஜ் ஓட்ட அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டுகிறது, வந்துவிடு" என்கிறாராம். கூடப் படித்தவர் "கார்பன் ஃபைபர், காம்போசிட், இதுதான் இனி எல்லாமே, சென்னையில் கோர்ஸ் சேர்" என்கிறாராம். இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட், ஜெர்மனியில் ரைன் நதிக் கப்பலில் வேலை, நான்கு லட்சம் ரெடி பண்ணு என்று போன் மேல் போன். எதில் இறங்கலாம்? காம்போசிட்டில் பார்ஜ் கட்டும் வேலை என்று ஒன்று வருமா, அப்படி வந்தால் நமக்கு இரண்டு பக்கமும் லாபம்தானே என்பது அவர் கேள்வி.

முதலில் பதில்: பார்ஜ், அதாவது நதியில் சரக்கு ஏற்றும் தட்டை அடிப் படகுத் தொழில் வளரும், ஆனால் அந்த வேகத்தில் ஆள் எடுக்காது. காம்போசிட்டில், அதாவது இழையையும் ரெசினையும் சேர்த்துச் செய்யும் பொருளில் வேலை இருக்கிறது, ஆனால் அது பார்ஜில் இல்லை. உங்கள் கைவேலைக்கு நல்ல விலை தரக்கூடிய இடம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஏஜென்ட் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சொந்தக்காரர் சொல்வது பொய்யில்லை. தேசிய நீர்வழிகளில் போன சரக்கு 2013-14இல் சுமார் 1.8 கோடி டன், 2023-24இல் 13.3 கோடி டன், அதற்கடுத்த வருடம் 14.5 கோடியைத் தொட்டுவிட்டது, 2030க்குள் 20 கோடி டன் என்று இலக்கு. பத்து வருடத்தில் ஏழு மடங்கு என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இந்த எண்ணுக்குள் கொஞ்சம் கையை விட்டுப் பார்க்க வேண்டும். 2016இல் வந்த சட்டம் ஐந்தாக இருந்த தேசிய நீர்வழிகளை ஒரேயடியாக 111 ஆக்கியது. மகாராஷ்டிரம், குஜராத், கோவா பக்கத்தில் கடலோரக் கழிமுகங்களில் ஏற்கெனவே இரும்புத்தாதுவும் நிலக்கரியும் பார்ஜில் போய்க்கொண்டுதான் இருந்தன, அந்தச் சரக்கும் தேசியக் கணக்கில் சேர்ந்தது. வளர்ச்சி உண்மை, ஆனால் அதில் ஒரு பங்கு கணக்குப் புத்தகம் பெரிதானதால் வந்தது. அதே பட்டியலில் நம்மூர் வைகையும் பாலாறும் பழையாறும் தேசிய நீர்வழிகளாக இருக்கின்றன, உங்கள் மாவட்டத்து ஏ.வி.எம். கால்வாயும்கூட 13ஆம் எண்ணில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், எத்தனை பார்ஜ் நிற்கிறது என்று!

கங்கை வழி என்பது ஹல்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. உலக வங்கி 37.5 கோடி டாலர் கடன் கொடுத்தது, வாரணாசி, சாஹிப்கஞ்ச், ஹல்தியாவில் முனையங்கள் கட்டினார்கள், 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து 16 கன்டெய்னர்களோடு ஒரு கப்பல் வாரணாசி போய்ச் சேர்ந்தது, பேப்பரில் எல்லாம் படம் வந்தது. அதற்குப் பிறகும் லாரிக்காரர்கள் யாரும் கடையை மூடவில்லை. காரணம் இரண்டு. ஒன்று ஆழம். கங்கை வருடா வருடம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிற நதி, கோடையில் பல இடங்களில் கப்பல் தரை தட்டும், மூங்கில் தட்டிகளை நட்டு நீரோட்டத்தை ஒரு பக்கம் திருப்புகிற பழைய முறையைக்கூட இன்னும் பயன்படுத்துகிறார்கள். ஆழம் அரை மீட்டர் குறைந்தால் சரக்கு நூற்றுக்கணக்கான டன் குறையும், ஆனால் டீசலும் சம்பளமும் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது திரும்பி வரும்போது சரக்கு. மேலே நிலக்கரியோ உரமோ கொண்டுபோனவன் கீழே காலியாக வந்தால் கணக்கு உடைந்துவிடும். நீர்வழியில் ஒரு டன்னுக்கு ஒரு கி.மீ. செலவு லாரியில் ஆவதில் பாதிகூட இல்லை என்று சொல்வார்கள், அது சரிதான், ஆனால் அது படித்துறையிலிருந்து படித்துறைக்கு மட்டும். இரண்டு முனையிலும் லாரியில் ஏற்றி இறக்குகிற கூலியைச் சேர்த்தால், குறுகிய தூரத்தில் அந்த லாபம் கரைந்துவிடுகிறது. அதனால்தான் 2024 டிசம்பரில் வந்த ஜல்வாஹக் திட்டத்தில் 300 கி.மீ.க்கு மேல் போகும் சரக்குக்கு மட்டும் இயக்கச் செலவில் 35 சதவீதம் வரை திருப்பித் தருகிறார்கள். அது மூன்று வருடத் திட்டம். மானியம் முடிந்த பிறகும் எந்தக் கம்பெனி அந்த வழியிலேயே சரக்கை அனுப்புகிறது என்று பார்த்தால்தான் இந்தத் தொழில் தன் காலில் நிற்கிறதா என்று தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். 2,000 டன் ஏற்றும் ஒரு பார்ஜ், லாரிக்கு 20 டன் என்று வைத்தால் நூறு லாரிச் சரக்கு. நூறு லாரிக்குக் குறைந்தது நூறு டிரைவர், பார்ஜுக்கு ஒரு டஜன் பேர்கூட வேண்டாம். நீர்வழி மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதாவது எதனால் மலிவோ அதனால்தான் வேலையும் குறைவு. போதாததற்குக் கொல்கத்தாவிலிருந்து வங்கதேசத்துக்கு நிலக்கரிச் சாம்பல் போகும் பெரிய ஓட்டம் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி வங்கதேசக் கப்பல்களிலும் அவர்களுடைய ஆட்களாலும்தான் நடக்கிறது. டன் கணக்கு நம் ஊரில் ஏறுகிறது, சம்பளம் அங்கே போகிறது.

ஆனால் கையில் சான்றிதழ் உள்ள ஆட்களுக்கு மதிப்பு இருக்கிறது, இதை மறுக்க முடியாது. 1917ஆம் வருடச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2021இல் உள்நாட்டுக் கப்பல் சட்டம் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு மாநிலத்தில் எடுத்த சான்றிதழை அடுத்த மாநிலத்தில் காட்டினால் தலையைச் சொறிவார்கள், இப்போது அது நாடு முழுக்கச் செல்லும். சாரங்கு (படகை ஓட்டுபவர்), இன்ஜின் டிரைவர், மாஸ்டர் என்று படிப்படியாகப் போகலாம். பாட்னாவில் தேசிய உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் ஒன்று: இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கடல் கப்பலில் ஏற முடியாது. அதற்கு சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம், எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடல் பணித் தரப் பயிற்சிகள் எல்லாம் தனி. அந்த உலகமே வேறு. இன்ஜின் பக்கம் ஆசை இருந்து, வீட்டுக்கு எட்டுகிற தூரத்தில் பார்ஜ் வேலை வேண்டுமென்றால் பாட்னாவைவிடக் கொச்சியைப் பாருங்கள். அங்கே உத்யோகமண்டல், சம்பக்கரை கால்வாய்களில் உர ஆலைக்கு அம்மோனியா போன்ற சரக்கு பார்ஜில் போகிறது. அளவில் சின்னதுதான், ஆனால் மானியத்தை நம்பாமல் ஆலை ஓடும்வரை ஓடுகிற சரக்கு.

இனி காம்போசிட் பார்ஜ். நீங்கள் நினைத்தது தப்பான யோசனை இல்லை: எடை குறைந்தால் கப்பல் நீரில் கொஞ்சமாகத்தான் முங்கும், ஆழமில்லாத நதிக்கு அதுதானே வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள பார்ஜ் ஒரு சென்டிமீட்டர் முங்க ஏறக்குறைய 14 டன் வேண்டும். நீங்கள் எஃகைக் குறைத்து 70 டன் மிச்சம் பிடித்தால் கிடைப்பது 5 செ.மீ. அதற்கு எத்தனை கோடி செலவு! பதிலாக அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால், எஃகிலேயே, அதைவிட நிறையக் கிடைக்கும். ரைனில் இதைத்தான் செய்தார்கள். 2018 அக்டோபரில் கௌப் என்ற இடத்தில் நீர் அளவுகோல் 25 செ.மீ.க்கு இறங்கியது (அது அளவுகோல் காட்டும் எண், நதியின் முழு ஆழம் இல்லை), பி.ஏ.எஸ்.எஃப். ரசாயனக் கம்பெனிக்கு மட்டும் சுமார் 25 கோடி யூரோ அடி. அவர்கள் அப்புறம் தங்களுக்கென்று ஒரு டாங்கர் கட்டச் சொல்லி 2023இல் இறக்கினார்கள், 135 மீட்டர் நீளம், 17.5 மீட்டர் அகலம், அளவுகோல் 30 செ.மீ. காட்டும்போதும் 650 டன் ஏற்றும். உலகத்திலேயே பெரிய ரசாயனக் கம்பெனிகளில் ஒன்று, பிளாஸ்டிக்கும் ரெசினும் அவர்கள் சொந்தச் சரக்கு, அவர்களே கார்பன் ஃபைபர் பக்கம் போகவில்லை, அகலமும் அடிப்பகுதி வடிவமும் போதும் என்று விட்டார்கள். தவிர, பார்ஜ் என்றால் தரையில் உரசும், படித்துறையில் இடிக்கும், நிலக்கரி அள்ளும் பக்கெட் உள்ளே குத்தும். எஃகு நசுங்கினால் எந்த ஊர் வெல்டரும் தகடு வைத்து ஒட்டிவிடுவார். ஃபைபர் அடிபட்டால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்ஜில் ஃபைபர் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. மிசிசிப்பியில் தானியம் ஏற்றும் பார்ஜ்களுக்கு மேல் மூடிகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ்தான். மிதவைப் படித்துறை, கிரேட்டிங், பைப் இவற்றிலும் உண்டு. பயணிகள் படகில் கதையே வேறு, அங்கே பேட்டரி எடை ஏறுவதால் உடல் எடையை ஒவ்வொரு கிலோவாகக் குறைத்தாக வேண்டும். 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்த கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளுக்கு அலுமினிய உடல், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. இந்த மாதிரி படகுகளைப் பார்த்துப் பல ஊர்களில் கேட்கிறார்கள், ஆர்டர் வரும், ஆனால் ஆர்டர் வந்தால் வேலை, இல்லாவிட்டால் காத்திருப்பு என்ற தொழில் அது. அதை மட்டும் நம்பி ஊரை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் போகிற தூரம் என்றேனே, அது இதுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் நிற்கிறதே காற்றாலை, முப்பந்தல் வரைக்கும், அதன் இறக்கைகள் என்ன பொருள்? கண்ணாடி இழை, எபாக்சி ரெசின், நடுவில் பால்சா மரமோ ஃபோமோ. நீளமான இறக்கைகளில் நடு முதுகெலும்புக்கு மட்டும் கார்பன். ஆக நண்பர் சொல்லும் கார்பன் ஃபைபர் வேலையிலும் பாதி நாள் நீங்கள் தொடப்போவது கண்ணாடி இழையைத்தான். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, அதில் ஏராளம் பழைய இயந்திரங்கள், 2024இல் தமிழக அரசு பழையதை மாற்றவும் புதுப்பித்து ஆயுளை நீட்டவும் ஒரு கொள்கை வெளியிட்டது. இறக்கை முனை மழையிலும் தூசியிலும் தேயும், இடி விழுந்து பிளக்கும், ஒட்டிய இடம் விடும். அதைச் சரிசெய்ய மேலே கயிற்றில் தொங்கியபடி மேட் வெட்டி, அடுக்கு அடுக்காகத் தேய்த்து, ரெசின் போட்டு, பழைய வடிவத்துக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். உயரத்துக்குப் பயப்படாத ஆள் கிடைப்பார், லேமினேஷன் (இழையை ரெசினோடு அடுக்குவது) தெரிந்த ஆள் கிடைப்பார், இரண்டும் தெரிந்தவர் எளிதில் கிடைக்க மாட்டார். உங்களுக்கு ஒன்று ஏற்கெனவே தெரியும். உலகக் காற்றாலை அமைப்பான ஜி.டபிள்யூ.ஓ.வின் பயிற்சிகளில் உயரத்தில் வேலை செய்வதும் இறக்கை பழுதுபார்ப்பதும் தனித்தனிப் பாடங்கள், அந்தச் சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லும். காற்று குறைவான மாதங்களில் வேலை குவியும், சீசனில் குறையும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து இறக்கை ஆலைகளும் ஆள் எடுக்கின்றன, ஆனால் அங்கே ஒரு மாடலுக்கு ஒரு வரிசை என்று ஓடும், மாடல் நின்றால் வரிசையும் நிற்கும். சென்னைப் பக்கம் ஆலை வைத்திருந்த டி.பி.ஐ. காம்போசிட்ஸ் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. காற்றாலை வளர்கிறது என்பதும் காற்றாலைக் கம்பெனி லாபத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பழுதுபார்ப்பு வேலை அப்படியில்லை, நிற்கிற இறக்கைகள் நின்றுகொண்டுதான் இருக்கும், தேயத்தான் செய்யும்.

கோர்ஸ் பற்றி. கிண்டியில் 1968லிருந்து இருக்கும், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் சிப்பெட் மாதிரி அரசு நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும் வேக்யூம் இன்ஃப்யூஷன் (காய்ந்த துணியைப் பையால் மூடி, காற்றை உறிஞ்சி ரெசினை உள்ளே இழுப்பது) கையால் செய்யவிடுவார்களா என்பதுதான் கேள்வி, ஸ்லைடு காட்டுவது இல்லை. உங்கள் யார்டில் மேட் விரித்து ரோலர் போட்டால் எடையில் 30 சதவீதம்தான் கண்ணாடி இருக்கும், மிச்சம் ரெசின். இன்ஃப்யூஷனில் தைத்த துணி போட்டு 60 முதல் 70 சதவீதம் வரை போகலாம், இறக்கைக்கும் விமானப் பாகத்துக்கும் பாதுகாப்புத் துறைக்கும் அதுதான் வேண்டும். பை கசிகிறதா என்று கண்டுபிடிப்பது, ரெசின் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்வது, அப்புறம் தட்டிப் பார்த்தும் அல்ட்ராசோனிக் வைத்தும் உள்ளே ஒட்டாத இடத்தைக் கண்டுபிடிப்பது, இவை தெரிந்தால் சம்பளம் பேசும்போது குரல் மாறும். டிப்ளமோவும் கையில் இருப்பதால் தர ஆய்வுப் பக்கம் நகர உங்களுக்கு வழி இருக்கிறது, ஐ.டி.ஐ.யோடு நிற்கும் பலருக்கு அது கிடைக்காது.

ஏஜென்ட் விஷயம். ரைனில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது, கப்பல் ஓட்டுபவர்களுக்கு வயதாகிறது, புதியவர்கள் வருவதில்லை, எல்லாம் உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உள்நாட்டு நீர்வழித் தகுதிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, இவை இல்லாமல் ஒருவரை மேல்தளத்தில் நிறுத்த மாட்டார்கள், ஜெர்மனோ டச்சோ பேசத் தெரிவதையும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். உங்களிடம் மொழி பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர் எந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்? மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அமெரிக்க நதிகள் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள், ஜோன்ஸ் சட்டப்படி அங்கே உள்நாட்டுச் சரக்குக் கப்பல்களில் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான் வேலை, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் பாலியெஸ்டர் ரெசினில் இருந்திருக்கிறீர்கள், அந்த ஸ்டைரின் வாடைக்கு மூக்கில் கைக்குட்டை கட்டுவது எந்தப் பயனும் தராது, ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். எபாக்சிக்கு மாறும்போது வாடை குறைவு என்று அலட்சியம் வரும், ஆனால் அது தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறிவிட்டால் அப்புறம் அந்தத் தொழிலிலேயே இருக்க முடியாது. முதல் நாளிலிருந்து நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்தால் உடனே மாற்றுங்கள், கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனால் துடைக்கும் பழக்கத்தை யார்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.