பவர் கண்ணாடி போட்டிருக்கிறவருக்குத் தனியாக சேஃப்டி கண்ணாடி எதற்கு?

லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்கிறேன், பவர் கண்ணாடி ஏற்கெனவே போட்டிருக்கிறேன், அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது பார்ப்பதற்குச் செய்தது, அடி தாங்குவதற்கு இல்லை. பக்கவாட்டில் முழுக்கத் திறந்து கிடக்கும். வீல் துண்டு வேகமாக வந்து பட்டால் லென்ஸே உடைந்து கண்ணில் குத்தும். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற மாதிரி, பக்கமும் மூடிய பாலிகார்பனேட் (அடி தாங்குகிற பிளாஸ்டிக்) கண்ணாடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. கட்டிங் வீல் போடும்போது அதற்கும் மேல் ஃபேஸ் ஷீல்டு.

நான் கோவை கணபதி பக்கம் ஃபிட்டர். இந்தக் கண்ணாடியைக் கழற்றாததால் பட்டறையில் எனக்குப் பெயரே 'கூலிங் கிளாஸ்'. டீக்கடை வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

உண்மையில் கிரைண்டரை விட எனக்கு சுத்தியலும் உளியும்தான் பயம். கிரைண்டர் பொறி விழுந்தால் கண் உறுத்தும், தண்ணீர் கொட்டும், ஆள் தானாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணனுக்கு நடந்தது வேறு. துருப்பிடித்து இறுகிப்போன ஒரு இரும்புப் 'பின்'னை (முளையை) உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். உளியின் தலை விரிந்து ஓரமெல்லாம் பிசிறு. சுருக்கென்று ஏதோ பட்டது என்றார், அவ்வளவுதான். லேசான சிவப்பு. பார்வையும் தெரிந்தது. உடனே ஒருவர் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டு தூசி எடுக்க வந்துவிட்டார். அவர் ஊருக்கே தூசி எடுக்கிற ஆள், மறுத்தால் கோபம் வேறு.

நான் விடவில்லை. கசக்கவும் விடவில்லை, தண்ணீர் ஊற்றவும் விடவில்லை. டீ குடிக்கிற பேப்பர் கப்பைக் கண் மேல் படாமல் கவிழ்த்து டேப் ஒட்டி வண்டியில் ஏற்றினேன். "சாயந்திரம் தானா சரியாயிரும் தம்பி, அரை நாள் சம்பளம் போகுது பாரு" என்று வழியெல்லாம் புலம்பல். டாக்டர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "இரும்பு மேல இரும்ப வச்சு அடிச்சீங்களா?" எக்ஸ்-ரேயில் கண்ணுக்குள்ளேயே ஒரு துணுக்கு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் உள்ளேயே துரு ஊறி விழித்திரையை மெல்லக் கெடுத்திருக்குமாம். தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அந்தத் துணுக்கை அசைத்துவிடும் என்றும் சொன்னார். அண்ணன் இப்போதும் வேலைக்கு வருகிறார். என்னை 'கூலிங் கிளாஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்.

"நீ என்ன டாக்டரா?" என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். "கண்ணாடியில் ஆவி படியும், வேர்க்கும்" என்பவர்களுக்கு: படியும், எனக்கும் வேர்க்கும், துடைத்துவிட்டுப் போடுகிறேன். "முதலாளிதானே வாங்கித் தர வேண்டும்?" என்றால், நியாயம்தான். தெறிக்கிற துகளும் கண்ணைக் கெடுக்கிற வெளிச்சமும் உள்ள வேலைக்குக் கண் பாதுகாப்பு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவிலேயே இருந்தது. ஆனால் கரண்டில் ஓடுகிற இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் அதில் எங்கே வந்தன?

வெல்டிங் பக்கம் நிற்கிற ஹெல்ப்பர் பையன்களுக்கு ஒரு வார்த்தை. டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். மெடிக்கலில் மரத்துப்போகிற சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தால் கருவிழி புண்ணாகும்.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். பிதுக்கினால் நேராக முகத்தில் பீய்ச்சும். பொங்கலுக்கு அண்ணாந்து வெள்ளையடிக்கிறவர்களுக்கும் அதே ஆபத்து. சுண்ணாம்பு மேலே நிற்காது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் தேடாமல், குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் கழுவிவிட்டு ஓடுங்கள். இங்கே தண்ணீர்தான் முதல் மருந்து. இரும்பு குத்தினால்தான் தண்ணீர் கூடாது.

கண்ணாடி என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். போன மாதம் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கப் போனேன். கடைக்காரர் நீல நிற டார்ச் அடித்துக் காட்டி நீல வெளிச்சத்தைத் தடுக்கிற 'ப்ளூ கட்' லென்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று ஒரே பிடி. செல்போன் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், இவர்கள் விட மாட்டேன் என்கிறார்கள். "சரிங்க, இதே பவரில் பாலிகார்பனேட் லென்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "அது குழந்தைகளுக்குத்தாங்க, ஆர்டர் போட்டாத்தான் வரும்" என்றார். போடச் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் வரவில்லை.