டோலியில் யார் உட்காருவது?

அன்புள்ள ஐயா,

மோட்டார் ரோடு வருவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலுக்கு ஏறிய பயணத்தை அப்படியே நிகழ்த்திக் காட்ட நண்பர்கள் சிலர் திட்டமிடுகிறோம். கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக ஏறுவது. துரை, துரைசானி உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று, டோலியும் தயாராகிறது. எல்லாம் சொந்தச் செலவு. "இது மாறுவேடப் போட்டி, இதனால் எந்த மரபு பிழைக்கும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

எஸ்., கொடைக்கானல்

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் செய்யுங்கள். 1930-இல் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் போன வழியில் தொண்டர்கள் இன்றும் நடக்கிறார்கள், ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளுகிறார்கள். பாடப்புத்தகத்து வரி ஒன்று ஊர்ப்பேச்சில் நிலைப்பது இப்படித்தான்.

ஆனால் உங்கள் டோலியைத் தூக்கப்போவது யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே. 1845-இல் அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் பங்களா கட்டியதும், 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரி அமைத்ததும் எல்லா வழிகாட்டிகளுக்கும் மனப்பாடம். 1910-களில் ரோடு வரும்வரை அந்த ஊருக்கு வேண்டியதெல்லாம் ஆள் தலையிலும் கால்நடை முதுகிலும் ஏறித்தான் வந்தது. சுமந்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

நாற்காலியை மூங்கிலில் கட்டி நாலு பேர் தோளில் ஏற்றிப் பாருங்கள். மேட்டில் பாரம் பின்னால் இருப்பவர்கள் மேல் சாயும். உயரம் ஒத்த ஆட்களாகச் சேர்க்காவிட்டால் நெட்டையானவர் தோள் பிய்ந்துவிடும். முன்னால் போகிறவர் குரல் கொடுக்காவிட்டால் பின்னவருக்குப் பள்ளம் தெரியாது. துண்டைச் சுருட்டி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தோள் காந்தும். இதையெல்லாம் மியூசியத்தில் வைக்க முடியாது, தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். உங்கள் முயற்சியை நான் மதிப்பது இதற்காகத்தான். அதனால் எல்லாரும் முறை வைத்துத் தூக்குங்கள். துரை வேடத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அப்புறம், வெள்ளகெவிக்காரர்களுக்கு டோலி பழங்கதை இல்லை. நெடுங்காலம் ரோடு இல்லாமல் இருந்த அந்த ஊரிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு பொய்த் துரையைச் சுமந்துகொண்டு போனால் மனசு என்ன பாடுபடும்? முதலில் ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். ஊருக்குள் அவர்கள் செருப்புப் போடுவதில்லை, நீங்களும் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். டோலி கட்டுவதை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். எந்த ஏற்றத்துக்கு என்ன பேர், எங்கே சுமை இறக்குவார்கள், எங்கே தண்ணீர் வற்றாது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். துரைசானி உடுப்பைவிட அந்த நோட்டுதான் முக்கியம்.

வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், அட்டை வேறு, ஜனவரி நல்லது. தூக்க ஆள் குறைந்தால் எழுதுங்கள், வருகிறேன்.