அரத்தை மழுக்குவது மணலும் துருவும்தான்

கேள்வி: குடியாத்தம் பக்கம் தோப்பில் லாடம் போடாத இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். லாடக்காரர் வருவதற்குள் குளம்பு ஓரம் பிளந்துவிடுவதால் நானே ராவி விடுகிறேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிய மர வேலை அரம் இரண்டே மாதத்தில் வழுக்குகிறது. எது வாங்கலாம்?

பதில்: மர அரம் குளம்புக்குக் குட்டை. குளம்புக்கென்றே செய்த அரம் 14 அங்குலம் இருக்கும். ஒரு பக்கம் முரட்டுப் பல், மறுபக்கம் நைஸ் பல். குளம்பின் இரு ஓரத்திலும் ஒரே நேரத்தில் படியும் நீளம் இருந்தால்தான் அடிப்பக்கம் சமமாக வரும். குட்டை அரத்தில் ஒரு பக்கம் பள்ளமாகும், குதிரை கோணலாகக் கால் வைக்கும். வாங்கும்போது கண்ணருகே நீட்டிப் பிடித்துப் பாருங்கள், வளைவு இருக்கக்கூடாது. அரத்தின் கூரான வால் முனையில் கைப்பிடி மாட்டாமல் அதைத் தொடவே வேண்டாம். குதிரை காலை உதறினால் அந்த முனை உள்ளங்கையில் குத்தும். புது அரம் வேகமாகத் தின்னும், அதனால் இரண்டு தள்ளலுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இனி, மழுங்குவதைப் பற்றி. உங்கள் பகுதியில் முதல் எதிரி பாலாற்று மணல். குளம்படியில் அடைந்த மண்ணைக் குடைந்து எடுத்து, பிரஷ் போட்டு, துடைத்த பிறகுதான் அரம் வைக்க வேண்டும். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே வரும்போது தூக்கிவிடுங்கள். அழுத்தி இழுத்தால் பல்லின் கூர் போய்விடும். வேலூர் கோடையில் குளம்பு கல்லாகிவிடும். ஈரச் சாக்கு சுற்றி அரை மணி நேரம் நிற்கவிட்டு, துடைத்துவிட்டு ராவினால் அரமும் பிழைக்கும், உங்கள் தோளும் பிழைக்கும்.

வேலை முடிந்ததும் கம்பி பிரஷால் பல் வரிசையை ஒட்டியே தேயுங்கள். அப்புறம் லேசாக எண்ணெய் தடவி உலர்ந்த துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். சுத்தியல், கொறடோடு ஒரே பெட்டியில் போட்டால் பல் உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத்துச் சுவரில் தொங்கவிட்டால் துரு ஏறிவிடும்.

அரம் சீவலாக வெட்டாமல் மாவாக உதிர்த்தால் ஆயுள் முடிந்தது. கொல்லர் உலையில் காய்ச்சிக் கூர் போட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். சூட்டில் எஃகின் கடினம் இறங்கிவிடும். பழையதை எறியவும் வேண்டாம். பின்னாளில் லாடம் அடித்தால் ஆணி முனை ராவ அதுதான் வேண்டும், புது அரத்தை இரும்பில் வைக்கவே கூடாது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக ராவினால் போதும். ராவுகிற இடத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.